ஸ்டாண்டிங் ஸ்டார்ட் சொதப்புகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

கணினிக் கார்ப்பந்தய விளையாட்டில் ஸ்டாண்டிங் ஸ்டார்ட் என்றால் நின்ற இடத்திலிருந்து கிளம்புவது. தகுதிச் சுற்றில் உயிரைக் கொடுத்து ஓட்டி மூன்றாம் இடம் பிடித்திருப்பீர்கள். விளக்கு மாறும். முதல் வளைவுக்குப் போய்ச் சேரும்போது முன்னால் எட்டு கார் போய்க்கொண்டிருக்கும். அரைமணி நேரம் மில்லிநொடி மில்லிநொடியாகச் சேர்த்தது நாலு நொடியில் கரைந்துபோகும்.

இந்த வலியை நான் அதிகம் பட்டது அசெட்டோ கோர்ஸாவில். இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி 2014இல் வெளியிட்ட அந்தப் பழைய விளையாட்டேதான். அதனால் கீழே வரும் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான். ஆர்ஃபேக்டர் 2, ஆட்டோமொபிலிஸ்டா 2, ஐரேசிங் என்று இதே வகை விளையாட்டு எதில் ஓட்டினாலும் கிளட்சும் டயரும் நடந்துகொள்ளும் முறை ஒன்றுதான். அசெட்டோ கோர்ஸா காம்பெடிசியோனே மட்டும் விலக்கு. அங்கே ஓடிக்கொண்டே தொடங்கும் ரோலிங் ஸ்டார்ட், அதற்கு வேறு பழக்கம் வேண்டும்.

நோயைத் தேடுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. ஸ்டார்ட் மோசமானால் எல்லோரும் முதலில் பழிபோடுவது கை கால் வேகத்தின் மேல். "எனக்கு ரியாக்‌ஷன் பத்தவில்லை" என்பார்கள். ஒரே மாதிரி இரண்டு கார், ஒன்று மற்றதைவிட 0.1 நொடி தாமதமாகக் கிளம்புகிறது என்று வையுங்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்குச் சுமார் 28 மீட்டர் போகும். அப்போது இரண்டுக்கும் உள்ள இடைவெளி 2.8 மீட்டர், ஒரு கார் நீளம்கூட இல்லை. அதே இடத்தில் சக்கரம் வீணாகச் சுழன்று அரை நொடி போய்விட்டால் இழப்பு 14 மீட்டர். ஃபார்முலா 1 கிரிட்டில், அதாவது கார்கள் கிளம்புவதற்காக வரிசையாக நிற்கும் இடத்தில், ஒரு காருக்கும் அடுத்ததற்கும் இடையே 8 மீட்டர்தான். அதாவது கிட்டத்தட்ட இரண்டு இடம் போய்விட்டது. ஆகவே விளக்கைப் பார்க்கும் வேகத்தை விட்டுவிடுங்கள். கிளட்ச் பிடிக்கத் தொடங்கியதிலிருந்து முழுதாக விடுபடும் வரையுள்ள அந்த ஒன்றரை இரண்டு நொடியில்தான் உங்கள் இடம் காணாமல் போகிறது. நாம் பழுது பார்க்கப்போவதும் அங்கேதான்.

சோதனை செய்ய ஒரு வசதி செய்துகொள்ளுங்கள். ஒரே சுற்று ரேஸ், எதிராளி இரண்டு மூன்று பேர் போதும். ஸ்டார்ட் எடுங்கள், முதல் வளைவு வந்ததும் மறுபடி தொடங்குங்கள். திரையில் பெடல்ஸ் என்ற ஆப்பைத் திறந்துவையுங்கள். கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் மூன்றும் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்று பட்டையாகக் காட்டும். பத்து ஸ்டார்ட் எடுத்த பிறகு ரீப்ளேயை மெதுவாக ஓட்டி, பின்சக்கரத்தைப் பாருங்கள், என்ஜின் சத்தத்தைக் கேளுங்கள். உங்கள் அறிகுறி எதுவென்று அங்கே தெரிந்துவிடும். ஓட்டும்போது நமக்குத் தோன்றுவதும் ரீப்ளேயில் தெரிவதும் பல நேரம் ஒத்துப்போகாது. எனக்கு "வண்டி திணறியது" என்று தோன்றியதில் பாதி, உண்மையில் சக்கரம் சுழன்றதுதான்.

பின்சக்கரம் சுழல்கிறது, வண்டி நகரவில்லை

பெரும்பாலானவர்களுக்கு இருக்கும் நோய் இது. விளக்கு மாறிய உடனே என்ஜின் சத்தம் ஒரேயடியாக மேலே ஏறும், புகை வரும், பக்கத்துக் கார் போய்விடும்.

இது ஏன் நடக்கிறது என்று எண்ணில் பார்த்தால் மறக்காது. முதல் கியரில் என்ஜின் 12 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். டயரின் சுற்றளவு 1.9 மீட்டர். என்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6,000 சுற்று) இருக்கும்போது கிளட்சைச் சட்டென்று விட்டால், சக்கரம் மணிக்கு 57 கி.மீ. வேகத்தில் சுற்றப் பார்க்கும். காரோ நின்றுகொண்டிருக்கிறது. இந்த 57க்கும் பூஜ்யத்துக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை யாராவது தாங்கியாக வேண்டும். கிளட்ச் தாங்கவில்லை என்றால் டயர் தாங்கும். டயர் தாங்கினால் அதற்குப் பெயர்தான் வீல்ஸ்பின். ரேஸ் டயர் சுமார் பத்து சதவீதம் வழுக்கும்போதுதான் அதிகமாகப் பிடிக்கும். அதற்குமேல் வழுக்க வழுக்கப் பிடிமானம் குறைந்துகொண்டே போகும், கூடவே டயரும் சூடாகும்.

எனவே அந்த வித்தியாசத்தைக் கிளட்ச் மேல் போடுங்கள். நம் ஊர் டிரைவிங் ஸ்கூலில் மேட்டில் நிறுத்தி "ஹாஃப் கிளட்ச்ல பிடிங்க" என்பார்களே, அதே வேலைதான், கொஞ்சம் வேகமாக. செய்யும் முறை இப்படி: விளக்குக்கு முன்பே ஆக்ஸிலேட்டரை ஓர் அளவில் நிலைநிறுத்துங்கள். விளக்கு மாறியதும் கிளட்சை, அது பிடிக்கத் தொடங்கும் இடம் வரை சட்டென்று கொண்டுவாருங்கள். அங்கே காலை நிறுத்துங்கள். கார் நகர்ந்து வேகம் கூடக் கூட மீதியை மெதுவாக விடுங்கள். இதெல்லாம் நடக்கும்போது வலது கால் அசையவே கூடாது. இரண்டு காலும் ஒரே நேரத்தில் ஆடினால் தவறு எந்தக் காலுடையது என்று கடைசி வரை தெரியாது.

எத்தனை ஆர்பிஎம் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு காருக்கும் ஒவ்வொன்று. சிவப்புக் கோட்டில், அதாவது என்ஜினின் உச்ச ஆர்பிஎம்மில், பாதிக்குக் கொஞ்சம் மேலே தொடங்குங்கள். ஐந்து முறை எடுங்கள். சுழன்றால் 300 குறையுங்கள், திணறினால் 300 கூட்டுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஆர்பிஎம்மையும் கிளட்ச் விடும் வேகத்தையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று உங்களுக்கே தெரியாது, அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து தொடங்குவீர்கள்.

1967இன் ஃபார்முலா 1 காரான லோட்டஸ் 49இல் இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். சுமார் 500 கிலோ எடை, 400 குதிரைத்திறன், எந்த உதவியும் கிடையாது, கிளட்சும் ஹெச் வடிவ கியரும் மட்டும். அதிலுள்ள காஸ்வொர்த் டிஎஃப்வி என்ஜின் 1967 ஜூன் 4ஆம் தேதி ஸாண்ட்வோர்ட்டில் அறிமுகமான முதல் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க்குக்கு வெற்றி தந்தது. ஆனால் அந்தக் காலத்து டிஎஃப்வி 6,500 ஆர்பிஎம் வாக்கில் திடீரென்று உதைக்கும் குணம் கொண்டது. இத்தாலியின் மான்ஸா ஓடுதளத்தின் 1966 வடிவத்தில் அதை வைத்துக்கொண்டு 7,000இல் கிளட்ச் விட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் புகை. 4,000க்கு இறக்கினேன். அழகாக நகர்ந்து, பத்து மீட்டர் போனதும் ஆர்பிஎம் அந்த உதைக்கும் இடத்தைத் தாண்டும்போது மறுபடி சுழன்றது. கடைசியில் பலன் கொடுத்தது இது: 5,000 பக்கம் பிடித்து, ஹாஃப் கிளட்சில் கிளம்பி, ஊசி 6,000ஐத் தொடும்போது வலது காலைக் கொஞ்சம் தளர்த்தி, அந்த உதையைக் கடந்த பிறகு முழுதாக அழுத்துவது. சத்தத்தை வைத்துத்தான் செய்ய முடியும். ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிந்திவிடும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஓட்டுங்கள், பெரிய வித்தியாசம் தெரியும்.

சுழல ஆரம்பித்துவிட்டது, இப்போது என்ன செய்வது? ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை முழுதாக எடுக்காதீர்கள். எடுத்தால் ஆர்பிஎம் விழுந்து அடுத்த நோய் தொற்றிக்கொள்ளும். கால்வாசி மட்டும் தளர்த்துங்கள். சத்தம் இறங்கி, முதுகில் வண்டி இழுப்பதுபோல் திரை நகரத் தொடங்கியதும் மறுபடி கொடுங்கள். கிளட்சை மறுபடி மிதிக்க வேண்டாம்.

காரின் அமைப்பும் பேசும். பின்சக்கரம் இழுக்கும் கார் கிளம்பும்போது எடை பின்னால் சாயும், பின் டயருக்குப் பிடிமானம் கூடும். ஆனால் சாய்வதற்கு ஒரு கணம் வேண்டும். கிளட்சைப் பட்டென்று விட்டால் எடை வந்து சேர்வதற்குள் டயர் நழுவிவிடும். போர்ஷே 911இல் என்ஜினே பின்னச்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால் தாராளமாகக் கொடுக்கலாம். அபார்த் 500 போன்ற முன்சக்கரம் இழுக்கும் காரில் எல்லாம் தலைகீழ். வேகமெடுக்க எடுக்க, இழுக்கிற டயரிலிருந்து எடை விலகிப் போகும். அங்கே ஆர்பிஎம்மைக் கீழே வையுங்கள், முதல் கியர் முழுக்க வலது காலில் பொறுமை காட்டுங்கள். ஸ்டீயரிங் திரும்பியிருந்தால் இன்னும் மோசமாகும்.

வண்டி திணறுகிறது, ஆர்பிஎம் கீழே விழுகிறது

சத்தம் "ம்ம்ம்" என்று அமுங்கி, ஒரு நொடி ஒன்றுமே நடக்காமல், அப்புறம் மெல்ல ஏறும். வீல்ஸ்பின்னுக்குப் பயந்து ஆர்பிஎம்மை ரொம்பவும் குறைத்தவர்களுக்கு வரும். ஆனால் அதைவிட அதிகமாக நான் பார்த்த காரணம் வேறு: கிளட்சைச் சீக்கிரமே முழுதாக விட்டுவிடுவது.

மேலே சொன்ன அதே கார். வேகம் மணிக்கு 15 கி.மீ. ஆனதும் "கிளம்பிவிட்டது" என்று நினைத்து இடது காலை எடுத்துவிடுகிறீர்கள். டயர் பிடித்துக்கொண்டது, வழுக்கவில்லை. அப்படியானால் என்ஜின் இப்போது 1,600 ஆர்பிஎம்மில்தான் ஓட முடியும். ரேஸ் என்ஜினுக்கு அங்கே உயிரே இருக்காது. 3,000இல் இழுக்கத் தொடங்கும் என்ஜின் என்றால் கார் சுமார் 28 கி.மீ. தொடும் வரை கிளட்ச் கொஞ்சமாவது வழுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நாம் நினைப்பதைவிட இது நீண்ட நேரம். பெடல்ஸ் பட்டையில் பார்த்தால் புரியும்: திணறும் ஸ்டார்ட்டில் கிளட்ச் பட்டை ஒரே வெட்டாக மறைந்திருக்கும், நல்ல ஸ்டார்ட்டில் பாதியில் நின்று தயங்கி மறையும்.

ஆகவே முதலில் ஆர்பிஎம்மைத் தொடாதீர்கள். கிளட்சைப் பாதியில் பிடித்திருக்கும் நேரத்தை நீட்டுங்கள். "ஒன்று, இரண்டு" என்று மனதுக்குள் எண்ணி விடுங்கள். அப்படியும் திணறினால் ஆர்பிஎம்மைக் கூட்டலாம்.

டர்போ கார்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆர்பிஎம் விழுந்தால் டர்போ அழுத்தமும் விழும், அது திரும்பி வர நேரமாகும். ஒருமுறை திணறினால் இரட்டைத் தண்டனை. எனவே டர்போவில் சந்தேகம் வந்தால் கொஞ்சம் சுழல்கிற பக்கமே சாயுங்கள்.

டிராக்‌ஷன் கன்ட்ரோல் உள்ள காராக இருந்தால் அதையும் பாருங்கள். சக்கரம் லேசாக வழுக்கியதுமே அது சக்தியை வெட்டும். விட்டு விட்டு "தட தட" என்று கேட்டால் அதுதான். அளவை ஒரு படி குறைத்துப் பார்க்கலாம். முழுதாக அணைத்துவிட்டு முதல் வளைவில் சுவரைத் தேட வேண்டாம்.

சில சிம்களில் (நிஜ ஓட்டத்தைப் போலவே நடக்கும் இத்தகைய விளையாட்டுகளில்) என்ஜின் ஆஃப்பே ஆகிவிடும், ஐரேசிங் அதில் ஒன்று. ஸ்டார்ட்டர் பட்டன் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிளட்சை முழுதாக மிதித்து, ஸ்டார்ட் செய்து, பின்னால் வருபவர்களுக்காக உங்கள் நேர்கோட்டிலேயே நில்லுங்கள். பதற்றத்தில் ஓரமாக ஒதுங்கப் போய்தான் பெரிய விபத்தே நடக்கும்.

விளக்குக்கு முன்பே வண்டி ஊர்கிறது, தண்டனை வருகிறது

இதில் பாதி உங்கள் தவறே இல்லை, பெடலின் தவறு. கிளட்சை முழுதாக மிதித்தும் பட்டை முழுதாக நிரம்பவில்லை என்றால், விளையாட்டைப் பொறுத்தவரை கிளட்ச் இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் ஊரும். வீல் மென்பொருளில் பெடலை மறுபடி அளவிடுங்கள், கடைசி ஐந்து சதவீதத்தை டெட்ஸோனாக (அசைவு கணக்கில் வராத பகுதியாக) வையுங்கள்.

என் பெடலில் இதற்கு நேரெதிர் நடந்தது. காலை முழுதாக எடுத்த பிறகும் பட்டையில் ஒரு மெல்லிய கீற்று துடித்துக்கொண்டே இருந்தது. நேர்ப்பாதையில் என்ஜின் கத்தும், வேகம் ஏறாது. இரண்டு வாரம் காரின் செட்டப்பை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிறகுதான் பெடலைத் திறந்தேன். பெடலின் அச்சில் பொட்டென்ஷியோமீட்டர் என்று விரல் நுனி அளவுக்கு ஒரு சின்ன வட்டம் இருக்கும். உள்ளே தூசி படிந்தால் இப்படித் துடிக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை அதன் இடுக்கில் லேசாக அடித்து, பெடலை முப்பது நாற்பது முறை மிதித்து விட்டேன். கீற்று போய்விட்டது. விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பக்கத்தில் கிளட்சை மெதுவாக அழுத்திப் பாருங்கள். அளவு சீராக ஏறாமல் தாவினால் உங்களுக்கும் இதே சுத்தம் தேவை.

பெடல் சரி, அப்படியும் முந்துகிறீர்கள் என்றால் நீங்கள் விளக்கை ஊகிக்கிறீர்கள். ஃபார்முலா 1இல் ஐந்து சிவப்பு விளக்கும் ஒவ்வொன்றாக எரிந்த பிறகு அணைய எடுக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் மாறுவது இதைத் தடுக்கத்தான். 2017 ஆஸ்திரிய கிராண்ட் பிரியில் வால்ட்டேரி போட்டாஸ் 0.201 நொடியில் கிளம்பினார். அதையே ஜம்ப் ஸ்டார்ட்டாக (விளக்குக்கு முன்பே கிளம்பியதாக) இருக்குமோ என்று விசாரித்து, இல்லை என்று முடிவு செய்தார்கள். உலகத்தில் மிகச் சிறந்தவர்களின் அளவு அது. 0.3 நொடியில் கிளம்பினால் நாம் தாராளமாகப் பெருமைப்படலாம்.

லேசாக ஊர்ந்துவிட்டால் நின்று சரிசெய்யலாமா? 2019 ஜப்பான் கிராண்ட் பிரியில் முதலிடத்தில் நின்ற செபாஸ்டியன் வெட்டல் விளக்குக்கு முன் அசைந்து, நிறுத்தினார். அதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. அசைவு விதியின் வரம்புக்குள்தான் இருந்தது, தண்டனை இல்லை. ஆனால் அந்தத் தடுமாற்றத்தில் போட்டாஸ் முன்னே போய்விட்டார். சிம்மிலும் அப்படித்தான். ஊர்ந்துவிட்டால் கிளட்சை மிதித்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டர் கால் அசையாமல் காத்திருங்கள். பிரேக்குக்குக் கால் மாற்றினால் ஸ்டார்ட் போய்விடும். தரை சரிவான கிரிட் என்றால் ஹேண்ட்பிரேக்கை ஒரு பட்டனில் வைத்துக்கொள்வது நல்லது.

அசெட்டோ கோர்ஸாவில் தனியாகப் பழகும்போது ஜம்ப் ஸ்டார்ட் தண்டனையை "கார் பூட்டப்பட்டிருக்கும்" என்ற அமைப்பில் வைக்காதீர்கள். வண்டியை விளையாட்டே பிடித்துக்கொள்ளும், உங்கள் கெட்ட பழக்கம் மறைந்துகிடக்கும், மற்றவர்களோடு ஆன்லைன் சர்வரில் ஓட்டும்போது வெளியே வரும்.

எப்போதும் எல்லோரையும்விடக் கொஞ்சம் தாமதம்

கிளம்பிய பிறகு நன்றாகத்தான் போகிறது, ஆனால் கிளம்புவதே பிந்துகிறது என்றால் திரையைச் சந்தேகப்படுங்கள். டிவியில் ஓட்டுபவர்கள் கேம் மோடைப் போடுங்கள். படத்தை மெருகேற்றும் வேலைகளால் விளக்கு மாறிய செய்தி உங்கள் கண்ணுக்குப் பிந்தி வருகிறது. படத்தைத் திரையின் வேகத்தோடு ஒத்துப்போகச் செய்யும் விசிங்க் அமைப்பை அணைத்துப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிநொடி. இப்படி நாலைந்து ஃபிரேம் சேர்ந்தால் அங்கேயே 0.08 நொடி.

அப்புறம் கண். பலர் ஆர்பிஎம் ஊசியைப் பார்த்துக்கொண்டு விளக்குக்குத் தாவுகிறார்கள். ஆர்பிஎம்மைக் காதால் பிடித்துக்கொள்ளுங்கள், கண் விளக்கை விட்டு நகரக் கூடாது.

இடது கால் நடுங்குகிறது, ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வருகிறது

இதை யாரும் சொல்லித்தருவதில்லை, எனக்கு மிகப் பெரிய முன்னேற்றம் கிடைத்தது இதில்தான். அடியில் உருளும் சக்கரம் உள்ள ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து டைல்ஸ் தரையில் கிளட்சை மிதித்தால் நாற்காலி பின்னால் போகும். ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால்கூட கிளட்ச் பிடிக்கும் இடம் காலுக்கு மாறிப்போகும். நாற்காலிச் சக்கரங்களைப் பழைய செருப்புகளுக்குள் இறக்கிவையுங்கள், அல்லது நாற்காலியின் காலையும் பெடல் பலகையையும் ஒரு கயிற்றால் சேர்த்துக் கட்டுங்கள். பெடலின் முன்பக்கத்தைச் சுவரில் முட்டுக்கொடுங்கள்.

குதிகாலைத் தரையில் ஊன்றி, கணுக்காலை மட்டும் அசைத்து விடப் பழகுங்கள். முழுக் காலையும் தூக்கினால் நுணுக்கம் வராது. பெடல் எட்டவில்லை என்றால் குதிகாலுக்கு அடியில் ஒரு தடித்த புத்தகம் வைக்கலாம். ஷூ போட்டு ஓட்டும் பழக்கம் இருந்தால் வெறுங்காலில் முயன்று பாருங்கள், கிளட்ச் ஸ்பிரிங் தொடும் இடம் பாதத்துக்கே தெரியும்.

கிளட்ச் பெடலே இல்லை

இரண்டு பெடல் செட், கேம்பேட், கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு ஆட்டோ கிளட்ச்தான் வழி. கிளட்சை விளையாட்டு பார்த்துக்கொள்ளும், உங்கள் கையில் ஆக்ஸிலேட்டர் மட்டுமே மிச்சம். முழுதாக அழுத்திவைத்துக் காத்திருக்காதீர்கள். பாதியில் கிளம்பி, வண்டி பிடித்ததும் கூட்டுங்கள். கேம்பேடில் ட்ரிகரைப் பாதியில் நிலையாகப் பிடிப்பதே ஒரு பயிற்சி, நடுவிரலால் பிடித்தால் ஆட்டம் குறையும்.

ஃபார்முலா 1 விளையாட்டு வரிசையில் கையால் எடுக்கும் ஸ்டார்ட் எஃப்1 2016இல் வந்தது. ஒரு பட்டனைக் கிளட்சாக அழுத்திப் பிடித்து, ஆர்பிஎம்மை நிலையாக வைத்து, விளக்கு அணைந்ததும் விட வேண்டும். பட்டனுக்குப் பாதி என்பது கிடையாது. அதனால் முழு நுணுக்கமும் ஆர்பிஎம்மிலும் விட்ட பிறகான ஆக்ஸிலேட்டரிலும்தான். நிஜ ஃபார்முலா 1இலும் அதே 2016இல்தான் ஸ்டார்ட்டுக்கு ஒரே ஒரு கிளட்ச் பேடில் (ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் இயக்கும் நெம்புகோல்) என்று விதி இறுகியது. அந்த ஆண்டு மான்ஸாவில் முதலிடத்தில் நின்ற லூயிஸ் ஹாமில்டன், முதல் வளைவு முடிவதற்குள் ஆறாவது இடத்துக்குப் போனார். மூன்று உலகப் பட்டம் வென்றிருந்தவருக்கே அது நடந்திருக்கிறது, உங்கள் பட்டன் விரல் நழுவினால் மனம் உடைய வேண்டாம்.

நன்றாகக் கிளம்பி, இரண்டாம் கியரில் இடம் போகிறது

முதல் கியரை சிவப்புக் கோடு வரை இழுக்காதீர்கள். முதல் கியரில்தான் டயர் மேல் அதிக முறுக்கு விழும். பின்பக்கம் நெளியத் தொடங்கினால் கொஞ்சம் முன்கூட்டியே இரண்டாவதுக்குப் போங்கள், வண்டி அமைதியாகும். ஹெச் கியரில் முதலிலிருந்து இரண்டாவதுக்குக் கை நேர்கீழாகப் போக வேண்டும். பதற்றத்தில் வலப்பக்கம் சாய்ந்தால் நாலாவது விழும். அந்த ஒரு அசைவை, வண்டி நின்றிருக்கும்போதே ஐம்பது முறை செய்து பாருங்கள்.

தனியாக எடுத்தால் நன்றாக வருகிறது, ரேஸில் வருவதில்லை

இதற்கு மூன்று காரணம் பார்த்திருக்கிறேன். ஒன்று டயர். பயிற்சியில் சில சுற்று ஓட்டிய டயர் சூடாக இருக்கும், ரேஸ் கிரிட்டில், டயரை முன்கூட்டியே சூடாக்கிவைக்கும் டயர் பிளாங்கெட் வசதி அணைந்திருந்தால் குளிர்ந்த டயரோடு நிற்கிறீர்கள். பயிற்சியில் கண்ட ஆர்பிஎம்மிலிருந்து 300, 400 குறைத்துத் தொடங்குங்கள். ஸ்டார்ட்டுக்கு முன் மெதுவாக ஓட்டும் ஃபார்மேஷன் சுற்று இருந்தால் அதில் பின் டயரைக் கொஞ்சம் சுழற்றிச் சூடேற்றலாம். இரண்டு, எரிபொருள். முழு டேங்க்கோடு வண்டி கனமாக இருக்கும், கிளட்சை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பிடிக்க வேண்டும். ரேஸில் போடப்போகும் அதே அளவு எரிபொருளோடு பழகுங்கள்.

மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: கணினியின் திணறல். இருபது கார் ஒரே இடத்தில் புகையோடு நிற்கும் கிரிட்தான் உங்கள் கணினிக்கு ரேஸிலேயே கடினமான காட்சி. பயிற்சியில் 90 ஃபிரேம் வந்தது அங்கே 40க்கு விழுந்தால், உங்கள் காலுக்குத் திரை பதில் சொல்வதே தாமதமாகும். புகையின் தரத்தையும் கண்ணாடிப் பிரதிபலிப்பையும் குறையுங்கள். கடைசி இடத்திலிருந்து, இருபது ஏஐ காரோடு ஸ்டார்ட் எடுத்துப் பாருங்கள், உண்மை நிலவரம் தெரியும்.

கடைசி இடத்திலிருந்து பழகுவதில் இன்னொரு லாபமும் உண்டு. முன்னால் ஒருவர் கிளம்பாமல் நின்றுவிடுவது அடிக்கடி நடக்கும். சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும் முன்பே இடதும் வலதும் பார்த்து, எதிரே உள்ள கார் அசையாவிட்டால் எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்துவிடுங்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்துக் கிளம்புங்கள், சக்கரம் பிடித்த பிறகு அந்தப் பக்கம் திருப்புங்கள்.